முத்தையா தட்டு

உங்கள் ஆய்வுக்கூடத்தை எனக்குச் சுற்றிக் காட்டிய அந்தப் பெண் நல்ல பெண். காலையில் அவளிடம் கொஞ்சம் சூடாகப் பேசிவிட்டேன். அதற்கு உங்கள் எல்லார் முன்னிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கோபத்தை வாபஸ் வாங்க மாட்டேன். அது அவள்மேல் வந்த கோபம் இல்லை.

நடந்தது இதுதான். இன்குபேட்டரைத் திறந்து, பூஞ்சை வளர வைத்திருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். மிளகாய்த்தூள், சோளம், கோழித் தீவனம் என்று ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு. கடைசியில் இருந்த தட்டில் பூஞ்சைக்கான கூழை மட்டும் ஊற்றி, மாதிரி எதையும் போடாமல் சும்மா மூடி வைத்திருந்தார்கள். "இது முத்தையா தட்டு மேடம். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒண்ணு வெப்போம்," என்றாள்.

யார் அந்த முத்தையா என்று கேட்டேன்.

"தெரியல மேடம். யாராச்சும் பழைய சயின்டிஸ்டா இருக்கும்லா," என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதைக் கேட்டதும்தான் நான் சத்தம் போட்டேன்.

முத்தையா சயின்டிஸ்ட் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் தள்ளுவண்டியில் வறுத்த கடலைப் பொட்டலம், கச்சாங் பூத்தே விற்றவர். அந்தத் தட்டுக்கு அவர் பேரை வைத்தவள் நான். பிறகு நான் வேலை பார்த்த கூடங்களில் என்னிடம் வேலை பழகியவர்கள் அந்தப் பேரைக் கொண்டுபோனார்கள், அவர்களிடம் வேலை பழகியவர்கள் உங்களிடம் கொண்டுவந்தார்கள். பேர் வந்து சேர்ந்துவிட்டது, ஆளை வழியில் விட்டுவிட்டீர்கள். இன்றைக்கு ஸ்லைடு போட்டுப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். ஸ்லைடு கிடக்கட்டும். நான் முத்தையாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

எண்பதுகளில் நான் கிள்ளானில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கடைவீட்டின் மேல்மாடி, கீழே லோரி டயர் கடை. துறைமுகத்தில் இறங்கும் தானியம், பருப்பு, கச்சான் கடலை என்று மாதிரிகள் வரும். உங்களிடம் இருக்கும் மெஷின்கள் எதுவும் அப்போது எங்களிடம் கிடையாது. ஓர் இருட்டறை, ஓர் ஊதா விளக்கு, அதோடு தேங்காய். சிரிக்காதீர்கள். கச்சானில் வருகிற அந்தப் பச்சைமஞ்சள் பூஞ்சைக்குத் தேங்காய்ப்பால் என்றால் உயிர். வேலைக்கு வரும் வழியில் பாசார் சந்தையில் நானே தேங்காய்ப்பால் பிழிந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன். என்ன லோகா, வீட்டில் தினமும் தேங்காய்ப்பால் சோறா, நாசி லெமாக்கா என்று பஸ் கண்டக்டர் என்னைக் கேலி செய்வார். அந்தப் பாலை அகர் அகரோடு காய்ச்சித் தட்டில் ஊற்றி, கச்சானை அதன்மேல் வைத்து மூடிவிடுவோம். சில நாளில் பூஞ்சை படரும். தட்டைக் கவிழ்த்து ஊதா விளக்கில் காட்டினால், விஷம் சுரக்கிற பூஞ்சையைச் சுற்றி ஒரு நீல வளையம் தெரியும். சுரக்காத பூஞ்சை இருட்டாகவே கிடக்கும்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். இந்தப் பூஞ்சையால் விஷம் சுரக்க முடியும் என்பதற்கு மேல் தட்டு ஒன்றும் சொல்லாது. கச்சானில் விஷம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கச்சானை அரைத்து, குளோரோஃபார்மில் ஊறவைத்து எடுத்து, ஸ்டாண்டர்டு என்று நாங்கள் சொல்லும் தெரிந்த விஷத்தைப் பக்கத்தில் வைத்து, மெல்லிய மாவு பூசிய கண்ணாடியில் இரண்டையும் மேலேற ஓட்டிப் பார்க்க வேண்டும். தட்டு சந்தேகப்படும், அவ்வளவுதான். தீர்ப்பு வேறு இடத்தில்.

எங்கள் மேனேஜர் மிஸ்டர் சிவா. நன்றாக உடுத்துவார், நன்றாகப் பேசுவார், கஸ்டமரை வாசல்வரை போய் வழியனுப்புவார். கூடத்துக்குள் செலவைக் குறைப்பதில் மன்னன். கண்ணாடிச் சாமான் கழுவ நாங்கள் கேட்ட திரவம் விலை அதிகம் என்று, கடையில் துணி துவைக்க விற்கிற சோப்புத் தூளைப் பெரிய பையாக வாங்கிப் போட்டார். அழுக்கு போனால் போதாதா என்று கேட்டார். அந்தச் சமயம் கிள்ளானில் தண்ணீர் அடிக்கடி வெட்டு. தட்டுகளைக் கழுவுவது ஹலிமா, மலாய்க் கம்பத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண். குழாயில் தண்ணீர் வராத நாளில் ஒரே வாளித் தண்ணீரில் அலசி எடுப்பாள், பாவம், வேறென்ன செய்வாள். வெறும் தட்டு ஒன்று வைத்துப் பார்க்கலாம் சார் என்று நான் ஒவ்வொரு முறையும் கேட்பேன். ஒன்றும் போடாத தட்டுக்கு எந்தக் கஸ்டமரிடம் பில் போடுவது என்று அவர் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாந்தி என்று சத்தம் கிளம்பியது. கேன்டீனில் விற்றதையெல்லாம் சுகாதார இன்ஸ்பெக்டர் அள்ளிக்கொண்டு வந்தார். அதில் கச்சானும் ஒன்று. அந்தக் கேன்டீனுக்குக் கச்சான் கொடுத்தவர் முத்தையா என்று தெரிந்ததும், பிரிக்பீல்ட்ஸில் அவர் வீட்டுக்கே போய், மூட்டையிலிருந்து பச்சைக் கச்சானையும் எடுத்து வந்துவிட்டார்.

எனக்கு முத்தையா அண்ணனைத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்த எந்தப் பிள்ளைக்குத்தான் அவரைத் தெரியாது? சாயங்காலம் மணி அடித்துக்கொண்டு வருவார். வண்டியின் கண்ணாடிப் பெட்டிகளைத் தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். கச்சானை மூட்டையோடு வறுக்க மாட்டார், முறத்தில் கொட்டிச் சொத்தையையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் வறுப்பார். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "சம்பளம் வாங்குற பொண்ணு, ஒரு பொட்டலத்துக்கு என்னம்மா பேரம் பேசுற," என்று ரோட்டில் வைத்தே மானத்தை வாங்குவார். ஆனாலும் எனக்குத் தெரிந்தவர் என்பதற்காக நான் கையைக் கட்டிக்கொள்ளவில்லை. மற்ற மாதிரிகளை வைத்ததுபோலவே அவருடையதையும் தட்டில் வைத்தேன்.

பூஞ்சை வந்ததும் இருட்டறையில் விளக்கைப் போட்டோம். அத்தனை தட்டும் நீலம். மிஸ்டர் சிவாவுக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடக் கேஸ், விஷம் பிடித்துவிட்டோம், கூடத்தின் பேர் எங்கேயோ போய்விடும் என்று குதித்தார். எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. நீலம் பூஞ்சையைச் சுற்றி வளையமாக இல்லை. தட்டின் ஓரத்தில், பூஞ்சையே எட்டாத இடத்தில்கூட, தீற்றித் தீற்றித் தெரிந்தது. குளோரோஃபார்மில் எடுத்துப் பார்க்கும்வரை வாயைத் திறக்க வேண்டாம் சார் என்று சொன்னேன். இரண்டு நாளாவது கொடுங்கள் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டே தன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, போனில் இன்ஸ்பெக்டரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். எழுத்தில் அறிக்கையும் அன்றே போய்விட்டது, அதில் அவர் கையெழுத்து.

மறுநாள் முத்தையா வீட்டு மூட்டைகளை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெருவே கூடி நின்று பார்த்தது. வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே உண்மை தெரிந்துவிட்டது. குளோரோஃபார்ம் வேலையை நான் ஆரம்பித்திருந்தேன். தட்டுகளை மறுபடி பார்க்கலாம் என்று இருட்டறைக்குப் போனேன், ஹலிமா தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். விளக்கைப் போட்டதும் அவள் தலையில் கட்டியிருந்த வெள்ளை துடோங் நீலமாக ஜொலித்தது. என் வெள்ளைக் கோட்டும் அப்படியே. அவள் கையிலிருந்த தட்டும் அதே நீலம். துடோங்கையும் கோட்டையும் அவள் அந்தப் பையிலிருந்த சோப்புத் தூளில்தான் துவைப்பாள். வெள்ளையைப் பளிச்சென்று காட்ட அந்தத் தூளில் கலக்கிற சாமான்தான் ஊதா விளக்கில் நீலமாக எரியும். "சாமா லா, மிஸ்," என்றாள் ஹலிமா. இரண்டும் ஒன்றுதான் என்கிறாள். அலமாரியிலிருந்து கழுவி வைத்த வெறும் தட்டு ஒன்றை எடுத்துக் காட்டினேன். கச்சானும் இல்லை, பூஞ்சையும் இல்லை. அதுவும் நீலம்.

என் சம்பளத்திலேயே கழுவுகிற திரவம் வாங்கினேன். தட்டுகளைத் திரும்பத் திரும்ப அலசி, விளக்கில் காட்டி இருட்டாகத் தெரிந்த பிறகு, மிச்சம் வைத்திருந்த முத்தையாவின் கச்சானை மறுபடி வைத்தேன். கூடவே வெறும் தட்டு ஒன்று. ஏதோ சாதாரணப் பூஞ்சை வந்தது, இருட்டாகவே கிடந்தது. குளோரோஃபார்மிலும் ஒன்றுமில்லை. அந்த மனிதரின் கச்சான் சுத்தம்.

ஓடினேன் மிஸ்டர் சிவாவிடம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, அனுப்பிய அறிக்கையைத் திரும்ப வாங்கினால் நம்மிடம் யார் மாதிரி அனுப்புவார்கள் என்று கேட்டார். கேஸ் முடிந்துபோயிற்று, பிள்ளைகளும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள், இனி ஏன் கிளற வேண்டும் என்றார். சோப்பு கீப்பு என்று வெளியே மூச்சு விடாதே என்றார். சுகாதார அலுவலகத்துக்கு நானே போனேன். கூடத்தின் தலைவர் எழுத்தில் கொடுத்தால்தான் மாற்றுவோம் என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் வாந்தி வந்ததற்குக் காரணம் மதியத்துக்கு விற்ற நாசி லெமாக் புளித்துப்போனது என்று பிற்பாடு எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆள் ஏற்கனவே கிடைத்துவிட்டாரே.

முத்தையா அண்ணன் ஒருநாள் கிள்ளானுக்கே வந்துவிட்டார். இஸ்திரி போட்ட சட்டை. மாடிப்படி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்று சொல்லச் சொன்னார்கள். மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. நான் முத்தையா அண்ணனைப் படிக்கட்டுக்கு அழைத்துப்போய் உள்ளதைச் சொன்னேன். உங்கள் கச்சானில் ஒன்றுமில்லை, எங்கள் தட்டில் சோப்பு என்று.

அவர் படியிலேயே உட்கார்ந்தார். பிறகு, "அப்ப அத ஒரு கடுதாசில எழுதிக் குடும்மா. நான் ஒவ்வொரு வீடா காட்டிட்டு வரேன்," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். என் பேரில், வெள்ளைத் தாளில். கூடத்தின் முத்திரை இல்லாத தாளை யார் மதிப்பார்கள்? தெருவில் ஒருத்தர், எத்தனை பொட்டலம் கச்சானுக்கு இதை எழுதிக் கொடுத்தாய் என்று என்னிடமே சிரித்துக்கொண்டு கேட்டார். முத்தையாவுக்கு வேண்டியதெல்லாம் கூடத்தின் கடிதம் ஒன்று. அது கிடைத்தால் வண்டி திரும்ப ரோட்டுக்கு வரும், இல்லாவிட்டால் வராது.

இப்போது கவனமாகக் கேளுங்கள். உங்களில் யாருக்காவது இப்படி ஒருநாள் வரும்.

சில மாதம் கழித்துத் துறைமுகக் கிடங்கிலிருந்து கச்சான் மாதிரி வந்தது. பெரிய இறக்குமதிக் கம்பெனி, எங்கள் கூடத்தின் அரை வருமானம் அவர்களிடமிருந்துதான். இந்த முறை தட்டுகளை நானும் ஹலிமாவும் சேர்ந்து கழுவினோம். வெறும் தட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விளக்கைப் போட்டேன். வெறும் தட்டு கரி இருட்டு. கச்சான் தட்டுகளில் பூஞ்சையைச் சுற்றி அழகான வளையம், எங்கும் தீற்றல் இல்லை. தட்டோடு நிற்காமல் அரைத்து எடுத்து ஓட்டினேன். தெரிந்த விஷம் ஏறிய அதே உயரத்துக்கு அதுவும் ஏறி நின்று எரிந்தது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. இன்னொரு முறை முதலிலிருந்து செய்தேன். அதே முடிவு.

மிஸ்டர் சிவா என்னை அறைக்குள் கூப்பிட்டு நாற்காலி காட்டினார். அவர் நாற்காலி காட்டினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். குடிக்க மைலோவும் வந்தது.

"லோகா, சோப்பு சோப்புன்னு நீதான சொன்ன? நான்தான் கேக்கல. இதுவும் அதே சோப்புதான். விஷம் இல்லன்னு எழுதி சைன் பண்ணு. நாளைக்கே அந்தக் கச்சாங்காரனுக்கும் லெட்டர்ஹெட்ல லெட்டர் குடுக்கிறேன். ரெண்டு பேருக்கும் நல்லதுலா," என்றார்.

இன்றைக்கும் இதைச் சொல்லும்போது எனக்கு உடம்பு எரிகிறது. தள்ளுவண்டிக்காரனுக்காகக் கெஞ்சியபோது சோப்பு என்ற வார்த்தையே அவர் காதில் ஏறவில்லை. பெரிய கம்பெனி என்றதும் அதே சோப்பு அவர் வாயில் நுரைத்துக்கொண்டு வருகிறது. நான் கண்டுபிடித்த உண்மையை எடுத்து, எனக்கே பொய்யாக விற்கிறார்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை, நான் உடனே எழுந்து வந்துவிடவில்லை. மைலோ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு கையெழுத்து, முத்தையா அண்ணனின் வண்டி நாளைக்கு ரோட்டில் நிற்கும். அந்தக் கிடங்கு மூட்டைகளைத் தின்கிறவர்கள் யார்? எனக்குத் தெரியாத ஆயிரம் வாய். நாளைக்கே எவரும் வாந்தி எடுக்க மாட்டார்கள். அதுதான் இந்த விஷத்தின் அயோக்கியத்தனம். புளித்த நாசி லெமாக்காவது அன்றைக்கே காட்டிக்கொடுத்துவிடும். இது ஈரலில் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் வேலை செய்யும். ஒருத்தருக்கு வயிறு வீங்கிப் பெரியாஸ்பத்திரியில் படுக்கும்போது, எந்தக் கச்சான், எந்த மூட்டை, எவள் கையெழுத்துப் போட்டாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. யாரும் கேட்கப் போவதில்லை என்பதால்தான் நம்மை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

வெறும் தட்டு இருட்டாக இருக்கிறது சார், வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். இருட்டறை வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. வெளிச்சத்தில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே வந்தால் பார்க்க வேண்டியிருக்கும், பார்த்தால் தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதற்காக ஒருவர் வாசலில் நிற்பதை நான் அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அதற்குப் பிறகு நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன்.

"சோப்பு ஸ்டாண்டர்டு ஏறுற ஒயரத்துக்கு ஏறாது சார். முத்தையாவுக்குக் குடுக்க வேண்டிய லெட்டர் எப்பவோ குடுத்திருக்க வேண்டியது. அத வெச்சி என்கிட்ட யாவாரம் பேசாதீங்க. நான் சைன் பண்ண மாட்டேன்," என்றேன்.

வேறு ஆளை வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வேன் என்றார். வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு, அவர் மேசையிலிருந்த போனிலேயே சுகாதார இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டேன். அந்த மனிதர் முன்பு ஒரு முறை இந்தக் கூடத்தை நம்பிக் கெட்டவர். எங்கள் அறிக்கை எதையும் கேட்காமல், தானே கிடங்குக்குப் போய்ப் பல மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து வேறொரு கூடத்துக்கு அனுப்பினார். அங்கேயும் அதே முடிவு. கிடங்குக்கு சீல் வைத்தார்கள். மாதக் கடைசியில் எனக்கு வேலை போயிற்று. அதை நான் பெரிதாகச் சொல்லவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் வேறு கூடம் கிடைத்தது. தேங்காய்ப்பாலோடு வேறு பஸ் ஏறினேன்.

இங்கேயே நிறுத்தினால் நீங்கள் கைதட்டுவீர்கள். நிறுத்த மாட்டேன்.

துறைமுகத்தில் விஷக் கச்சான் பிடிபட்டது என்று பத்திரிகையில் ஒரு மூலையில் செய்தி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர்.

"நல்லவேள லோகா, அன்னைக்கே நீங்க கண்டுபுடிச்சீங்க. இப்ப பாரு, போர்ட்லயும் அதே விஷமாம். இல்லன்னா அந்த முத்தையா நம்ம புள்ளைங்கள கொன்னுருப்பான்," என்றார்.

அக்கா, இது வேறு, அது வேறு என்றேன். முத்தையா கச்சானில் ஒன்றுமில்லை என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். உனக்கு இளகின மனசு, அதான் அந்த ஆளுக்குப் பரிஞ்சு பேசுற என்றார். யோசித்துப் பாருங்கள். நான் சரியாகச் செய்த வேலைதான் அந்த மனிதர் தலையில் கடைசிக் கல்லையும் வைத்தது. ஒரு பொய் அறிக்கைக்கு ஒரு மெய் அறிக்கை வந்து சாட்சி சொல்லிவிட்டது.

முத்தையா அண்ணன் வண்டியை விற்றுவிட்டு டெங்கிலில் மச்சான் வீட்டோடு போயிருந்தார். தேடிக்கொண்டு போனேன். செம்பனைத் தோட்டத்தில் புல் வெட்டிவிட்டு வந்து குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். துறைமுகக் கதையையும், மிஸ்டர் சிவா கொடுக்கிறேன் என்ற கடிதத்தையும், நான் வேண்டாம் என்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவருக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் அவர் விஷயம் அது. மற்ற எல்லாரும் அவருக்குத் தெரியாமல்தானே அவர் விஷயத்தில் முடிவெடுத்தார்கள்.

அவர் என்னைப் பாராட்டுவார் என்று நான் போகவில்லை. அவர் பாராட்டவும் இல்லை.

"ஏம்மா, என் பேர வெச்சி நீங்க எப்பிடி முடிவு பண்ணலாம்? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார். குரல் உயரவில்லை.

அவர் கேட்டதில் தப்பில்லை. உள்ளே யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த போர்ட்டு கச்சான் எங்கெங்க போயிருக்கும்?" என்று கேட்டார்.

எல்லாக் கடைக்கும் அண்ணே என்றேன். நீங்கள் மொத்தமாக வாங்குகிற கடைக்கும் அங்கிருந்துதான் வரும் என்றேன்.

"அப்ப என் வண்டிக்கே வந்திருக்கும்," என்றார். கிளம்பும்போது பஸ் நிற்குமிடம்வரை கூட வந்தார். பஸ் வருவது தெரிந்ததும் சொன்னார்: "சரிம்மா, நீ செஞ்சது செஞ்சதுதான். ஆனா என் கச்சான்ல ஒண்ணும் இல்லன்னு நாலு பேருக்கு முன்னால யாராச்சும் சொல்லணும்லா. யாரும் சொல்லலியே."

அந்த அறிக்கையைத் திருத்தச் சொல்லி நான் அலைந்த அலைச்சலை இங்கே சொல்லப் போவதில்லை. கூடம் மூடியாயிற்று. மிஸ்டர் சிவா மரியாதையாக ஓய்வு பெற்றார், மாலை போட்டார்கள். முத்தையா அண்ணன் டெங்கிலிலேயே காலமானார். என்னால் முடிந்ததெல்லாம் ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் போன எந்தக் கூடத்திலும் வெறும் தட்டு இல்லாமல் ஒரு பேட்ச்சையும் உள்ளே வைக்க விட்டதில்லை. செலவு என்று சொன்ன மேனேஜரிடம், இதன் பேர் முத்தையா தட்டு, இது இல்லாமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்பேன். அவர்கள் கதை கேட்கவில்லை. தட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

உங்களுக்கு மெஷின் வந்துவிட்டது, எண்ணை அதுவே அச்சடித்துக் கொடுக்கும். இருக்கட்டும். ஆனால் அந்த வெறும் தட்டை வைக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது பூஞ்சையைச் சோதிக்கிற தட்டு இல்லை, உங்களைச் சோதிக்கிற தட்டு. அடுத்தவன் சாமானில் விஷம் என்று எழுதுவதற்கு முன்னால் உங்கள் கை சுத்தமா என்று அது கேட்கும். அந்தக் கேள்வியை ஆளுக்கு ஆள் மாற்றிக் கேட்காதீர்கள். தள்ளுவண்டிக்கு ஒரு விளக்கு, கப்பலுக்கு ஒரு விளக்கு என்று நம்மிடம் இல்லை.

நாலு பேருக்கு முன்னால் என்று அவர் கேட்டார். இங்கே நாலு பேருக்கு மேலேயே இருக்கிறீர்கள். காலையில் என்னிடம் திட்டு வாங்கிய பெண்ணே, நீ முன்னால் வந்து உட்கார். அன்று போயிருக்க வேண்டிய அறிக்கையை இப்போது படிக்கிறேன்.

மாதிரி, பச்சைக் கச்சான். எடுத்த இடம், பிரிக்பீல்ட்ஸ், முத்தையா வீட்டு மூட்டை. வெறும் தட்டு, இருட்டு. முடிவு, விஷம் இல்லை.

சோதித்தவர், லோகேஸ்வரி. என் கையெழுத்து.